பருவுக்கு ஒளி சிகிச்சை: நீலமா, சிவப்பா, லேசரா?

முகப்பருவுக்கு லைட் தெரபி எடுக்கலாமா என்று யாராவது கேட்டால், ‘எந்த லைட்?’ என்றுதான் திருப்பிக் கேட்கத் தோன்றுகிறது. வீட்டில் பத்து நிமிடம் மாட்டிக்கொள்ளும் எல்.ஈ.டி. மாஸ்க், கிளினிக்கில் மருந்து பூசி உட்காரவைத்துக் காட்டும் விளக்கு, எண்ணெய்ச் சுரப்பியையே சூடாக்கி அடக்கும் லேசர் என எல்லாம் ஒரே பெயரில்தான் உலவுகின்றன. ஒவ்வொன்றும் தாக்கும் இடம் வேறு. வலியும் வேறு, கைவசம் உள்ள ஆதாரமும் வேறு.

பரு வரும் வழியை முதலில் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். இறந்த செல்கள் சேர்ந்து மயிர்க்காலின் வாய் அடைபடும். உள்ளே இருக்கும் சுரப்பி எண்ணெயைச் சுரந்துகொண்டே இருக்கும். அந்த எண்ணெயைத் தின்று க்யூட்டிபாக்டீரியம் ஆக்னீஸ் என்ற கிருமி பெருகும். அதை எதிர்த்து உடல் கிளம்பும்போது அந்த இடம் சிவந்து, வீங்கி, சீழ் பிடிக்கும். அடைப்பு, எண்ணெய், கிருமி, அழற்சி. இந்த நாலில் ஒன்றையோ இரண்டையோ மட்டும்தான் எந்த ஒளியும் தொடும். எதைத் தொடுகிறது என்று கேட்டுக்கொண்டே ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நீல ஒளி

நீல ஒளியின் குறி கிருமி. தோல் மருத்துவர்கள் வைத்திருக்கும் வுட்ஸ் விளக்கை, அதாவது புற ஊதா விளக்கை, இருட்டறையில் எண்ணெய் வழியும் மூக்கின் மேல் காட்டினால், துளைக்குத் துளை ஆரஞ்சு கலந்த சிவப்புப் புள்ளிகள் மின்னும். கிருமி தானே தயாரித்து வைத்திருக்கும் போர்ஃபிரின் என்ற பொருள்தான் அப்படி ஒளிர்கிறது. இந்தப் போர்ஃபிரின் 415 நானோமீட்டர் அலைநீளத்தை (ஒளியின் நிறத்தைக் குறிக்கும் அளவு) ஒட்டிய, ஊதா சாய்ந்த நீல ஒளியை நன்றாக உறிஞ்சும். உறிஞ்சிய கையோடு பக்கத்தில் இருக்கும் ஆக்சிஜனை உசுப்பிவிடும். உசுப்பப்பட்ட ஆக்சிஜன் கிருமியின் சவ்வைச் சிதைத்துவிடும். ஆன்டிபயாடிக்கில் வருவதுபோல் கிருமி பழகிக்கொண்டு தப்பிக்கும் பயம் இதில் குறைவு. இது சின்ன விஷயம் இல்லை.

ஆனால் நீல ஒளி ஆழம் போகாது. தோலுக்குள் ஒரு மில்லிமீட்டர் போவதற்குள்ளேயே பெரும்பகுதி தீர்ந்துவிடும். அடைப்பை அது தொடுவதே இல்லை என்பதால் கரும்புள்ளிக்கும் வெள்ளைப்புள்ளிக்கும் பெரிதாகப் பயன் தராது. உள்ளே கல்லாக இறுகிக் கிடக்கும் வலிமிகுந்த கட்டிக்கும் இதை நம்ப முடியாது. சிகிச்சையை நிறுத்தினால் கிருமி திரும்ப வந்து குடியேறும். சிவந்து நிற்கும் சிறிய, நடுத்தரப் பருக்கள்தான் இதன் எல்லை.

மாநிறமும் கறுப்புமாக இருக்கும் தோலுக்கு இன்னொரு சிக்கல் இருக்கிறது. விற்பவர்கள் இதைச் சொல்வது அபூர்வம். 2014-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் 415 நானோமீட்டர் ஒளியையும் 630 நானோமீட்டர் சிவப்பு ஒளியையும் எளிதில் கருக்கும் இயல்புள்ள தோலின் மேல் பாய்ச்சிப் பார்த்தார்கள். நீலம் பட்ட இடம் கறுத்தது. அந்தக் கருமை மூன்று மாதம்வரைகூட நீடித்தது. சிவப்பு பட்ட இடத்தில் அப்படி எதுவும் இல்லை. பரு போனபின் நிற்கும் கறையே பருவைவிடப் பெரிய தொல்லையாக இருப்பவர்களுக்கு இது யோசிக்க வேண்டிய விஷயம். அவர்கள் நீல ஒளி மாஸ்க்கை வாங்குமுன் ஒரு தோல் மருத்துவரிடம் கேட்டுவிடுவது நல்லது.

சிவப்பு ஒளி

630 முதல் 660 நானோமீட்டர் வரையிலான சிவப்பு ஒளி நீலத்தைவிட ஆழமாக இறங்கும். போர்ஃபிரின் இதையும் உறிஞ்சும்தான், ஆனால் மிகக் கொஞ்சமாக. அதனால் கிருமியைக் கொல்வதில் இது நீலத்துக்கு ஈடில்லை. அழற்சியைத் தணிப்பதுதான் இதன் முக்கிய வேலை. வலியும் இல்லை, கறையும் இல்லை. பலனும் தனியாகப் பார்த்தால் அடக்கமானதுதான்.

இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால்? இதற்கு 2000-இல் பிரிட்டனில் நடந்த ஓர் ஆய்வைத்தான் இன்றுவரை எல்லோரும் கைகாட்டுகிறார்கள். லேசானது முதல் நடுத்தரம் வரை பரு இருந்த 107 பேரை நாலு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு 415-உம் 660-உம் சேர்ந்த ஒளி, இன்னொன்றுக்கு நீலம் மட்டும், மூன்றாவதற்கு வெறும் வெள்ளை ஒளி, நாலாவதற்கு 5 சதவீத பென்சாயில் பெராக்சைடு க்ரீம். ஒளி பெற்றவர்கள் தினமும் கால் மணி நேரம் விளக்கின் முன் உட்கார்ந்தார்கள். 12 வாரம் கழித்துப் பார்த்தால், சேர்ந்த ஒளி பெற்ற குழுவில் சிவந்த பருக்கள் சராசரியாக 76 சதவீதம் குறைந்திருந்தன. க்ரீம் குழுவை அது முந்தியது. நீலம் மட்டும் பெற்றவர்களையும் நாலாவது, எட்டாவது வாரங்களில் முந்தியது. ஆனால் 12-ஆவது வாரத்தில் அந்த வித்தியாசம் நிலைக்கவில்லை. விளம்பரங்களில் 76 என்ற எண் வரும், கடைசி வரி வராது. தினமும் கால் மணி, 12 வாரம் என்பதையும் கவனியுங்கள். மாதம் ஒருமுறை பார்லரில் இருபது நிமிடம் படுத்து எழுந்துவிட்டு இதே பலனை எதிர்பார்க்க முடியாது.

வீட்டு மாஸ்க்கும் கிளினிக் விளக்கும்

நிறம் ஒன்றாக இருந்தால் இரண்டும் ஒன்று என்று நினைத்துவிடுகிறோம். ஒளிக்கும் மருந்துபோல அளவு உண்டு. ஒரு சதுர சென்டிமீட்டர் தோலில் எத்தனை மில்லிவாட் விழுகிறது என்பதை எத்தனை விநாடி விழுகிறது என்பதோடு பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் ஜூல் கணக்கு, அதாவது அந்த இடத்தில் விழுந்த ஒளியின் மொத்த அளவு, வரும். 40 மில்லிவாட் விளக்கின் கீழ் 20 நிமிடம் உட்கார்ந்தால் 48 ஜூல். 5 மில்லிவாட் மாஸ்க்கை 10 நிமிடம் போட்டால் 3 ஜூல். பதினாறு மடங்கு வித்தியாசம்! மாஸ்க்கைத் தினமும் போடலாம் என்பதால் ஓரளவு ஈடுகட்டலாம். அதற்கு நாள் தவறாத பழக்கம் வேண்டும். வாங்குவதாக இருந்தால் பெட்டியில் இரண்டு எண்களைத் தேடுங்கள்: எத்தனை நானோமீட்டர், சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை மில்லிவாட். ‘ஏழு நிறம்’ என்று மட்டும் போட்டிருந்தால் அப்படியே வைத்துவிட்டு வரலாம். மஞ்சளும் பச்சையும் பருவுக்கு என்ன செய்யும் என்பதற்கு உருப்படியான ஆய்வு கிடையாது.

கண் விஷயத்தில் அலட்சியம் கூடாது. 2019 ஜூலையில் நியூட்ரோஜினா தன் பரு மாஸ்க்கைச் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றது. ஏற்கெனவே சில கண் நோய்கள் உள்ளவர்களுக்கும், ஒளிக்குக் கூசும் தன்மையைக் கூட்டும் மருந்துகளை எடுப்பவர்களுக்கும் கண் பாதிப்பு வரக்கூடும் என்ற எச்சரிக்கைதான் காரணம். பருவுக்கே எழுதித் தரப்படும் டாக்சிசைக்ளின் அந்த மாதிரி மருந்துகளில் ஒன்று. அதை விழுங்கிக்கொண்டே மாஸ்க்கும் போடுபவர்கள் மருத்துவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். லூபஸ், போர்ஃபிரியா போன்ற, ஒளி பட்டால் மோசமாகும் நோய்கள் உள்ளவர்கள் இந்தப் பக்கமே போக வேண்டாம்.

மருந்து பூசிக் கொடுக்கும் ஒளி

ஃபோட்டோடைனமிக் தெரபி என்பது நீலச் சிகிச்சையின் முரட்டு அண்ணன். கிருமியிடம் இருக்கும் போர்ஃபிரின் போதாது என்று, அமினோலெவுலினிக் அமிலத்தையோ அதன் மெத்தில் வடிவத்தையோ முகத்தில் பூசி ஒன்றிரண்டு மணி நேரம் ஊறவைப்பார்கள். எண்ணெய்ச் சுரப்பி அதை உறிஞ்சித் தனக்குள்ளேயே போர்ஃபிரினாக மாற்றிக்கொள்ளும். பிறகு சிவப்பு அல்லது நீல ஒளியைக் காட்டினால் சுரப்பியே அடிபடும். அதாவது கிருமியோடு எண்ணெயும் குறி.

விலையாகக் கொடுப்பது வலி. விளக்கு எரியும்போது சுருக்சுருக்கென்று குத்தும், எரியும். அடுத்த சில நாள் முகம் சிவந்து தோல் உரியும். இரண்டு நாளைக்கு வெயிலில் தலைகாட்டக் கூடாது. கருமையான தோலில் கறை விழும் வாய்ப்பும் உண்டு.

இத்தனைக்கும் பலன் என்ன? பல ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடும் காக்ரேன் அமைப்பின் தொகுப்பாய்வு ஒளி சிகிச்சைகளைப் பற்றி 2016-இல் வந்தது. 71 சோதனைகள், 4211 பேர். மெத்தில் வடிவ மருந்தைப் பூசிச் சிவப்பு ஒளி காட்டியவர்களையும், வெறும் க்ரீமைப் பூசி அதே ஒளி காட்டியவர்களையும் ஒப்பிட்ட மூன்று சோதனைகளில் முடிவு ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. மருந்து தந்த கூடுதல் லாபம் அங்கே தெரியவில்லை. மற்ற பெரும்பாலான முறைகளைப் பற்றி உறுதியாக எதையும் சொல்ல முடியாது என்றே தொகுப்பாய்வு முடித்தது. ஆய்வுகள் சிறியவை, வழக்கமான மருந்துகளோடு நேருக்கு நேர் மோதிப் பார்த்தவை குறைவு. சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2021 வழிகாட்டுதலில் இந்தச் சிகிச்சைக்கு ஒரு சின்னக் கதவைத் திறந்து வைத்திருக்கிறது. 18 வயது தாண்டிய, நடுத்தரம் முதல் கடுமையான பரு உள்ளவர்களுக்கு மற்ற சிகிச்சை பலிக்காவிட்டாலோ ஒத்துக்கொள்ளாவிட்டாலோ யோசிக்கலாம் என்கிறது. என் கணக்கிலும் இதன் இடம் அதுதான்.

லேசர்

லேசரின் பழைய கதை ஓர் எச்சரிக்கை. ரத்தக் குழாய்களைக் குறிவைக்கும் பல்ஸ்டு டை லேசர் பருவுக்கு நன்றாக வேலை செய்கிறது என்று 2003-இல் லான்செட் இதழில் ஓர் ஆய்வு வந்தது. கிளினிக்குகள் குஷியாகின. மறு ஆண்டே ஜாமா இதழில் வந்த ஆய்வில், ஒரே முகத்தின் ஒரு பாதிக்கு லேசர் கொடுத்து மறு பாதியைச் சும்மா விட்டுப் பார்த்ததில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. ஐ.பி.எல். எனப்படும் பலநிற ஃப்ளாஷ் ஒளியைப் பற்றி ஒரே வரி போதும்: கருமையான தோலில் சுட்டுவிடும் ஆபத்து உண்டு, விட்டுவிடுங்கள்.

புதிதாக வந்திருக்கும் 1726 நானோமீட்டர் லேசர் வேறு ரகம். இந்த அலைநீளத்தில் தோலில் உள்ள எண்ணெய், தண்ணீரைவிட அதிகமாக ஒளியை உறிஞ்சும். தோலின் மேற்பரப்பைக் குளிர்வித்துக்கொண்டே சுட்டால் சூடு சுரப்பிக்குள் போய்ச் சேரும். தோலுக்கு நிறம் தரும் மெலனின் இதை அதிகம் கண்டுகொள்ளாது என்பதால் எல்லா நிறத் தோலுக்கும் கொடுக்கலாம் என்கிறார்கள். அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. 2022-இல் ஏவிக்ளியர், அக்யூர் என இரண்டு கருவிகளுக்கு அனுமதி தந்தது. ஏவிக்ளியரில் அரை மணி நேரம் வீதம் மூன்று அமர்வு. 104 பேரிடம் நடந்த ஆய்வில், கடைசி அமர்வு முடிந்த 12 வாரத்தில் ஏறக்குறைய 80 சதவீதம் பேருக்குச் சிவந்த பருக்கள் பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைந்தன. நல்ல எண்தான். ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு அந்த ஆய்வில் இல்லை. பரு தானாகவும் ஏறி இறங்கும் நோய் என்பதால் எனக்கு இது உறுத்துகிறது.

இந்த லேசரின் உண்மையான போட்டியாளர் நீல ஒளியோ சிவப்பு ஒளியோ இல்லை, ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை. எண்ணெய்ச் சுரப்பியைச் சுருக்குவதில் அதை மிஞ்ச ஒன்றும் வரவில்லை. ஆனால் கர்ப்பத்தில் அது குழந்தையின் உறுப்புகளையே பாதிக்கும், ரத்தப் பரிசோதனை வேண்டும், உதடு வெடித்துக்கொண்டே இருக்கும். அந்த மாத்திரையை எடுக்க முடியாத, எடுக்க விரும்பாத ஒருவருக்கு 1726 லேசர் பேசிப் பார்க்கத் தகுந்த வழி.

அப்போ டியூப் மருந்து?

மேலே சொன்ன எல்லாவற்றுக்கும் எதிரே சாதாரண டியூப் மருந்துகள் நிற்கின்றன. பென்சாயில் பெராக்சைடு கிருமியைக் கொல்லும். அதிலும் எதிர்ப்புத் திறன் வளர்வதில்லை. அடாபலீன் அடைப்பை எடுக்கும். எந்த நீல விளக்கும் செய்யாத வேலை இது. அமெரிக்கத் தோல் மருத்துவ அகாடமியின் 2024 வழிகாட்டுதல் இந்த வகை மருந்துகளை வலுவாகப் பரிந்துரைக்கிறது. லேசர், ஒளிக் கருவிகளுக்குப் பரிந்துரை செய்யும் அளவு ஆதாரம் இல்லை என்று ஒதுங்கிக்கொள்கிறது.

எனவே முதல் முறையாகப் பருவுக்குச் சிகிச்சை தேடுபவருக்கு நான் விளக்கைச் சொல்ல மாட்டேன். க்ரீமையே 12 வாரம் ஒழுங்காகப் பூசிப் பார்க்கட்டும். பென்சாயில் பெராக்சைடு எரிகிறது, தோல் உரிகிறது என்பவரும், கர்ப்பமாக இருப்பதால் அடாபலீன் கூடாது என்பவரும் நீலமும் சிவப்பும் சேர்ந்த ஒளியை மருத்துவரிடம் கேட்டுப் பார்க்கலாம். நிறம் கருமை, கறை பயம் என்றால் சிவப்பின் பக்கம் சாயலாம், பலன் மெதுவாக வரும் என்ற தெளிவோடு. கட்டிகட்டியாக வந்து குழி விழ ஆரம்பித்துவிட்டதா? மாஸ்க்கில் மாதங்களைக் கரைக்கக் கூடாது. அந்த மாதங்களில்தான் தழும்பு விழும், விழுந்த தழும்பை எந்த எல்.ஈ.டி.யாலும் எடுக்க முடியாது. நேராகத் தோல் மருத்துவரிடம் போக வேண்டும். எந்த வழியில் போனாலும், தொடங்கும் அன்று ஒரே ஜன்னல் வெளிச்சத்தில் முகத்தின் இரண்டு பக்கத்தையும் படம் எடுத்து வைத்துக்கொண்டு, நாலு வாரத்துக்கு ஒருமுறை அதே இடத்தில் நின்று எடுத்துப் பாருங்கள். பன்னிரண்டாவது வாரப் படத்தில் வித்தியாசம் தெரியாவிட்டால் அந்த விளக்கை அணைத்துவிடலாம்.