38 டாலர் நாய்க்குட்டியும் அம்மாவின் விபூதியும்

முதலிலேயே மதிப்பெண்ணைச் சொல்லிவிடுகிறேன். கண்ணாடி நாய்க்குட்டிக்கு ஐந்துக்கு நாலரை. அதை விற்ற கடைக்கு இரண்டு. கடையின் பெயரைப் போடவில்லை. இங்கே ஒஹாயோவில் இந்த மாதிரி கடைகள் தெருவுக்குத் தெரு இருக்கின்றன, நான் பட்ட பாட்டை எந்தக் கடையில் வேண்டுமானாலும் படலாம்.

எங்கள் அபார்ட்மென்டில் நாய் வளர்க்க அனுமதி கிடையாது. எட்டு வயது மகளுக்கு இதை இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், அவளும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள், ஆனால் காதில் ஏறவில்லை. போன மாதம் ஒரு சனிக்கிழமை, கும்பகோணத்திலிருந்து வந்திருக்கும் அம்மாவையும் அவளையும் அழைத்துக்கொண்டு கொலம்பஸுக்கு வெளியே ஒரு ஆன்டிக் மாலுக்குப் போனேன், பழம்பொருள் விற்கிற இடம். பழைய சூப்பர்மார்க்கெட் கட்டிடம். உள்ளே பலகை வைத்துத் தடுத்து நூற்றுக்கு மேல் பூத்கள். ஒவ்வொரு பூத்தும் ஒரு வியாபாரிக்கு வாடகைக்கு. வியாபாரி யாரும் அங்கே உட்கார்ந்திருக்க மாட்டார். சாமானை அடுக்கி, சீட்டு எழுதிக் கட்டிவிட்டுப் போய்விடுவார். பணம் வாங்க வாசலில் ஒரே ஒரு கவுண்டர். ஆகவே எதைப் பற்றிக் கேட்டாலும் வரும் பதில்: "சீட்டில் என்ன போட்டிருக்கோ அதுதான்."

மகள் ஒரு பூட்டிய கண்ணாடி அலமாரி முன்னால் நின்றுவிட்டாள். உள்ளே உட்கார்ந்த நிலையில் ஒரு குட்டி நாய். உயரம் மூன்று அங்குலம் இருக்கும். நீலம், ஆனால் தெளிந்த நீலம் இல்லை. துணி அலச சொட்டு நீலம் கலந்த வாளியில் யாரோ கொஞ்சம் பாலைச் சிந்தி, அது கரைவதற்குள் உறைய வைத்த மாதிரி. ஒரு காதில் வெள்ளை அதிகம், முதுகில் நீலம் அதிகம். இப்படி வரிவரியாகக் கலந்த கண்ணாடியை இங்கே ஸ்லாக் என்கிறார்கள். சாவி வைத்திருப்பவர் வர இருபது நிமிடம். அதற்குள் மகள் அதற்கு 'மணி' என்று பெயரே வைத்துவிட்டாள். பெயர் வைத்த பிறகு பேரம் பேசி என்ன பயன்?

சீட்டில் நல்ல கையெழுத்தில் எழுதியிருந்தது: ஹைஸி, 1940கள், 38 டாலர்.

ஹைஸி என்பது இந்தப் பக்கத்துப் பழைய கண்ணாடிக் கம்பெனி. ஒஹாயோக்காரர்களிடம் ஹைஸி என்றால் நம்மூரில் நாச்சியார்கோவில் குத்துவிளக்கு என்பது போல. கேட்டதும் கண் விரியும். நானும் விரித்தேன். 34க்குக் கொடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா அதைக் கையில் வாங்கித் தலைகீழாகத் திருப்பினார். "அடியில பேர் வெட்டியிருப்பானேடா, இங்க ஸ்டிக்கர்னா ஒட்டி வச்சிருக்கான்?" எவர்சில்வர் பாத்திரத்தை எங்கே பார்த்தாலும், யார் வீட்டுக் கல்யாணத்தில் வந்தது என்று கவிழ்த்துப் பார்க்கும் கை அது. ஸ்டிக்கரை உரித்துவிடலாம் என்றார். நான் தடுத்துவிட்டேன். ரசீதின் பின்பக்கம் தெளிவாகப் போட்டிருந்தது: ஏழு நாளுக்குள் திருப்பித் தரலாம், ஆனால் பூத் ஸ்டிக்கர் கிழியாமல் இருக்க வேண்டும். கடைக்கு நான் இரண்டு மதிப்பெண் கொடுத்ததற்கு முழுக் காரணமும் இந்த ஒரு விதிதான். பொருள் யாருடையது என்று சொல்லும் இடம் அதன் அடிப்பாகம். அந்த இடத்திலேயே ஸ்டிக்கரை ஒட்டு, அதை உரித்தால் பொருளைத் திருப்ப முடியாது என்று விதியும் வை. தெரிந்தே செய்கிறார்களா, தெரியாமலா என்று நான் சொல்லவில்லை.

சரி, அம்மா பேச்சைக் கேட்காதவன் என்ன செய்வான்? இணையத்தில் டார்ச் வாங்குவான். 395 நானோமீட்டர் யூ.வி. (புற ஊதா) டார்ச், ஒன்பது டாலர். இதற்குத் தனியாக மூன்று மதிப்பெண் கொடுக்கலாம். விளக்கை அணைத்துவிட்டு மணி மேல் அடித்தோம். ஒன்றும் ஆகவில்லை. வீட்டில் இருந்த மஞ்சள் ஹைலைட்டர் பேனா ஒளிர்ந்தது, அம்மாவின் வெள்ளை வேட்டித்துண்டு ஒளிர்ந்தது, மணி மட்டும் கருப்பாக உட்கார்ந்திருந்தான்.

இந்த டார்ச்சைப் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவியிருக்கிறது, எனக்கும் இருந்தது. பச்சையாக ஒளிர்ந்தால் பழைய கண்ணாடி, விலை உயர்ந்தது என்று. பளிச்சென்ற பச்சை ஒளி சொல்வது, கண்ணாடியில் யுரேனியம் சேர்த்திருக்கிறது என்பதை மட்டும். மாங்கனீஸ் இருந்தாலும் மங்கலாகப் பச்சை தெரியும். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க அரசு யுரேனியத்தைக் கையில் எடுத்துக்கொண்டதால் கண்ணாடிக்காரர்களுக்கு அது கிடைக்காமல் போனது. 1958க்குப் பிறகு மறுபடி கிடைத்தது, மறுபடி செய்தார்கள், இப்போதும் செய்கிறார்கள். ஆகவே போன வருடம் செய்த பொம்மையும் ஒளிரும். ஒளி சமையல் குறிப்பைத்தான் சொல்லும். சமைத்தவர் யார் என்று சொல்லாது.

அடுத்த ஞாயிறு நூவர்க் போனோம். விமான நிலையம் இருக்கிற நியூஜெர்சி நூவர்க் இல்லை, கொலம்பஸுக்குக் கிழக்கே முக்கால் மணி நேரத்தில் வரும் ஒஹாயோ நூவர்க். அங்கேதான் தேசிய ஹைஸி கண்ணாடி அருங்காட்சியகம், 1831இல் கட்டிய ஒரு பழைய வீட்டில். ஹைஸி கம்பெனி அந்த ஊருக்கு வந்ததற்கு முக்கியக் காரணம் மலிவாகக் கிடைத்த இயற்கை எரிவாயு. 1896இல் உலை பற்ற வைத்தார்கள், 1957 டிசம்பரில் அணைத்தார்கள். இந்த அருங்காட்சியகத்துக்கு ஐந்துக்கு ஐந்து. அலமாரி அலமாரியாகக் குதிரை, வாத்து, யானை, நாய். அம்மா யானைகளை விட்டு நகரவில்லை, பெரிது, நடுத்தரம், சிறிது என்று மூன்று அளவில் ஒரு குடும்பமே நிற்கிறது.

நான் பார்த்தது வேறு. அந்த விலங்குகளில் பெரும்பாலானவை தண்ணீர் போல நிறமற்றவை. தேன் நிறத்திலும் கருநீலத்திலும் சில உண்டு, அவை அபூர்வம், விலையும் அப்படி. பால் கலந்த மாதிரி ஸ்லாக் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. 34 டாலருக்கு நிற ஹைஸி கிடைத்தது என்று நான் நம்பியதே தப்பு என்று அங்கேயே புரிந்துவிட்டது.

அங்கே தெரிந்துகொண்ட இன்னொரு விஷயம்தான் தலையைச் சுற்ற வைத்தது. ஹைஸி மூடியதும் அதன் அச்சுகளை 1958இல் இம்பீரியல் என்ற கம்பெனி வாங்கிவிட்டது. ஒஹாயோ நதிக்கரையில் பெல்லேர் என்ற ஊர். அவர்கள் அதே அச்சில் அதே குதிரையையும் வாத்தையும் அடித்தார்கள், விதவிதமான நிறத்தில், ஸ்லாக்கிலும். இம்பீரியலும் கைமாறிக் கைமாறி 1984இல் மூடியது. அதன்பின் ஹைஸி சேகரிப்பாளர்கள் சேர்ந்து பணம் போட்டு அச்சுகளைத் திரும்ப வாங்கினார்கள். ஆக வடிவத்தை வைத்து யார் செய்தது என்று சொல்ல முடியாது. தெருவில் ஒரு வீட்டு முறுக்கு அச்சு நாலு வீட்டுக்குப் போய் வருகிறது. முறுக்கின் சுற்றைப் பார்த்து எந்த வீட்டு முறுக்கு என்று சொல்வீர்களா? மாவின் நிறம், வெந்த பதம் இதெல்லாம் கொஞ்சம் காட்டிக்கொடுக்கும், அவ்வளவுதான். இம்பீரியல்காரர்கள் புண்ணியத்துக்கு ஐ, ஜி என்ற இரண்டு எழுத்தை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டார்கள். கம்பெனி லெனாக்ஸ் கைக்குப் போனதும் முன்னால் ஒரு எல் சேர்ந்தது, லோர்ச் என்பவர் கைக்குப் போனதும் அதற்கும் முன்னால் ஒரு ஏ. அந்த வால் நீள்வதைப் பார்த்தே காலத்தைச் சொல்லிவிடலாம்.

வீட்டுக்கு வந்தபோது கடையின் ஏழு நாள் கெடு முந்தின நாளோடு முடிந்துவிட்டிருந்தது. இனி ஸ்டிக்கருக்கு என்ன மரியாதை? அம்மா தேங்காய் எண்ணெயைத் தடவிப் பத்து நிமிடம் ஊறவிட்டு, நகத்தால் ஒரு ஓரத்திலிருந்து சுருட்டிச் சுருட்டி எடுத்தார். பசை போனதும் வெந்நீரில் கழுவித் துடைத்தார். பார்த்தால் ஒன்றும் இல்லை. வெறும் நீலம். நான் போனில் பெரிதாக்கிப் பார்த்தேன், என் கட்டைவிரல் ரேகை தெரிந்தது.

அம்மா எழுந்து போய் சாமி அலமாரியிலிருந்து விபூதி மடலை எடுத்துவந்தார். ஒரு சிட்டிகையை நாயின் அடியில் போட்டு மோதிர விரலால் வட்டமாகத் தேய்த்தார், நெற்றியில் இடுகிற அதே பதத்தில். அப்புறம் உள்ளங்கையால் லேசாக ஒரு துடைப்பு. மேட்டில் இருந்த சாம்பல் போய்விட்டது, பள்ளத்தில் இருந்தது நின்றுவிட்டது. டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தோம் (சாதாரண டார்ச்). மிளகு அளவுக்கு ஒரு சாய்சதுரம். அதற்குள் ஆங்கில 'பி'. சாய்சதுரத்தின் பக்கங்களை ஒட்டி மெல்லிய கோடுகள் இரண்டு.

ஹைஸியின் முத்திரையும் சாய்சதுரம்தான், ஆனால் உள்ளே 'ஹெச்' இருக்க வேண்டும். சீட்டு எழுதியவர் சாய்சதுரத்தை மட்டும் விரலால் தடவிப் பார்த்துவிட்டு ஹைஸி என்று முடிவுகட்டியிருக்கலாம். நல்ல மனதோடு யோசித்தால் அப்படித்தான் தோன்றுகிறது.

சாய்சதுரத்துக்குள் 'பி' என்றால் பாய்ட். ஒஹாயோவில் கேம்பிரிட்ஜ் என்று ஒரு ஊர், நூவர்க்கிலிருந்து கிழக்கே ஒரு மணி நேரம். அங்கே 1947இல் ஜான், எலிசபெத் டீகன்ஹார்ட் என்ற தம்பதி ஒரு சின்னக் கண்ணாடிப் பட்டறை தொடங்கினார்கள். கணவர் போன பிறகும் அந்த அம்மாள் விடாமல் நடத்தினார். இந்த நாய்க்குட்டி அவர் காலத்தில் 1976இல் வந்தது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் பூச். ஆங்கிலத்தில் செல்லமாக நாயை அப்படிச் சொல்வார்கள். அம்மாவிடம் சொன்னேன். "நாய்க்குப் போய் பூச்சின்னு பேரா? மணியே இருக்கட்டும்."

1978இல் எலிசபெத் அம்மாள் காலமானார். அங்கேயே வேலை பார்த்த பாய்ட் குடும்பம் பட்டறையையும் பல அச்சுகளையும் வாங்கியது. பழைய முத்திரை இதயத்துக்குள் 'டி'. அதை அச்சிலிருந்து எடுத்துவிட்டுத் தங்கள் சாய்சதுரத்தைப் போட்டார்கள். அவர்கள் செய்த ஒரு காரியத்துக்காகவே நான் எழுந்து நின்று கைதட்டுவேன்: ஐந்து வருடத்துக்கு ஒரு முறை முத்திரையில் ஒரு கோடு சேர்த்தார்கள். 1978இல் கோடு இல்லை, 1983இல் ஒன்று, 1988இல் இரண்டு, 1993இல் மூன்று, அப்படியே மேலே. 2014இல் கடையை மூடும்வரை எந்தப் பொருளை எடுத்தாலும் கோட்டை எண்ணி வயதைச் சொல்லிவிடலாம். மேற்கு வர்ஜீனியாவின் ஃபென்டன் கண்ணாடிக் கம்பெனியும் முட்டை வடிவத்துக்குள் பெயரைப் போட்டு, எண்பதுகளில் அடியில் எட்டு, தொண்ணூறுகளில் ஒன்பது என்று இலக்கம் சேர்த்தது. அது பத்து வருடக் கணக்கு. பாய்ட் அதைவிடத் துல்லியம்.

மணிக்கு இரண்டு கோடு. ஆகவே 1988க்கும் 1993க்கும் நடுவில் பிறந்தவன். நான் 1984. சீட்டில் 1940கள் என்று போட்டு விற்ற நாய் என்னைவிட இளையது.

விலை விஷயம். அதன்பின் நான் பார்த்த பாய்ட் நாய்க்குட்டிகள் பத்திலிருந்து பதினைந்து டாலருக்குள் போயின. ஆக இருபது டாலர் அதிகம் கொடுத்தேன். ஆனால் பொருளில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அச்சின் இரண்டு பாதி சேரும் கோடு பக்கவாட்டில் மெலிதாக ஓடுகிறது, விரலுக்குத் தெரிகிறது, கண்ணுக்குத் தெரியவில்லை. காது நுனியிலும் மூக்கிலும் உடைசல் இல்லை. கையில் எடுத்தால் அளவுக்கு மீறிய கனம். அரை மதிப்பெண் குறைத்தது, அடிப்பாகம் சரியாகச் சமமாக இல்லாமல் மேஜையில் லேசாக ஆடுவதால். மகளுக்கு அதுதான் பிடித்திருக்கிறது, வாலை ஆட்டுகிறானாம்.

இந்த மாதிரி கடைக்குப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். அலமாரி திறந்ததும் பொருளைக் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் ஸ்டிக்கர் இருந்தால், பணம் கொடுப்பதற்கு முன்னால் கவுண்டரில் இருப்பவரையே உரித்துக் காட்டச் சொல்லுங்கள், மறுத்தால் வைத்துவிட்டு வாருங்கள். 'முரானோ' என்று சீட்டு இருந்தால் பக்கவாட்டில் அச்சுக் கோட்டைத் தேடுங்கள். வெனிஸ் பக்கத்து அந்தத் தீவில் விலங்குகளை உருகிய கண்ணாடியிலிருந்து கையால் இழுத்து, இடுக்கியால் கிள்ளிச் செய்வார்கள், அச்சுக் கோடு வர வழி குறைவு. அதே கடையில் 'முரானோ' என்று எழுதிய ஒரு மீனுக்கு வாயிலிருந்து வால்வரை தையல் போட்ட மாதிரி கோடு இருந்தது. விபூதி கையோடு எடுத்துப் போவதும் போகாததும் உங்கள் இஷ்டம். முகப்பவுடரும் வேலை செய்கிறது, சோதித்துவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து அந்தப் பக்கம் போனபோது கடைக்குள் நுழைந்து கவுண்டரில் விஷயத்தைச் சொன்னேன். அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டார், பூத் எண்ணைக் குறித்துக்கொண்டார், வியாபாரியிடம் சொல்வதாகச் சொன்னார். பணம் திரும்பாது என்று முன்பே தெரியும், கேட்கவில்லை. கடைசியாக இன்னொரு ஞாயிறு போனோம். அதே அலமாரியில் பச்சை நிறத்தில் ஒரு முயல். சீட்டில் அதே நல்ல கையெழுத்து: ஹைஸி. பக்கத்தில் புதிதாக, வேறு மையில், ஒரு கேள்விக்குறி. விலை 42 டாலர்.

அம்மா கைப்பையைத் திறந்து எதையோ தேட ஆரம்பித்தார். இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.