டப்பாவில் பச்சைத் தண்ணீரா, ஸ்ப்ரேயில் ஹைப்போவா?

தர்மபுரியில் ஒற்றை நாற்காலி கிளினிக் என்னுடையது. வாரத்துக்கு ஐந்தாறு அளவு, அதாவது வாயில் பசையை அழுத்தி எடுக்கும் பல் அச்சு, எடுப்பேன். பல்செட்டுக்கு வரும் பென்னாகரம், பாலக்கோடு பக்கத்துப் பெரியவர்களுக்குத் தண்ணீரில் குழைக்கும் ஆல்ஜினேட் பொடி. முன்பல் கறையை மறைக்கக் கேப் கேட்டு வரும் இளவட்டங்களுக்குச் சிலிக்கான் புட்டி. ஒகேனக்கல் குடிநீர் வருவதற்கு முன்பு ஃபுளோரைடு கலந்த போர் தண்ணீரைக் குடித்து வளர்ந்த தலைமுறை இது. கேப் வேலைக்கு இங்கே பஞ்சமே இல்லை.

எடுத்த அளவைக் கிருமி நீக்கி அனுப்ப வேண்டுமா என்பதில் விவாதமே தேவையில்லை. அதில் எச்சிலும் சில சமயம் ரத்தமும் ஒட்டியிருக்கும். ஸ்ட்ரெப்டோகாக்கஸ், ஸ்டஃபைலோகாக்கஸ், கேண்டிடா எல்லாம் கூடவே பயணம் செய்யும். ஹெபடைட்டிஸ் பி வைரஸ் காய்ந்த பரப்பில்கூட 7 நாள் உயிரோடிருக்கும். அளவில் இருப்பது, அதில் ஸ்டோன் என்ற கெட்டி ஜிப்சம் மாவை ஊற்றி வார்க்கும் பல் மாதிரியான காஸ்ட்டுக்கும் ஏறும். கடைசியில் அதைக் கையில் பிடித்துத் தேய்ப்பவர் சேலத்து லேப் டெக்னீஷியன். அமெரிக்க நோய்த்தடுப்பு மையமான சிடிசி 2003இல் வெளியிட்ட பல் மருத்துவ வழிகாட்டுதலும் லேபில் கை வைப்பதற்கு முன்பே கழுவி, கிருமி நீக்கி, மறுபடி அலசச் சொல்கிறது. ஆக, எதை வைத்து என்பதுதான் கேள்வி. என்னைப் போன்ற சின்ன கிளினிக்குக்குப் போட்டி இரண்டுக்குத்தான்: 2% குளூட்டரால்டிஹைடு, 0.5% சோடியம் ஹைப்போகுளோரைட் (சுருக்கமாக ஹைப்போ, பிளீச் கரைசல்தான்).

முதல் மூன்று வருடம் குளூட்டரால்டிஹைடுதான் வைத்திருந்தேன். படித்த கல்லூரியில் பார்த்த பழக்கம். கேனோடு வரும் பொடியைக் கலந்தால் பச்சையாகும். மூடி போட்ட டப்பாவில் ஊற்றி அளவை முக்கி எடுப்போம். மருந்து என்ற வகையில் அதைக் குறை சொல்ல மாட்டேன். ஸ்டீல் ட்ரேயை அரிக்காது. கொஞ்சம் ரத்தமோ எச்சிலோ கலந்தாலும் ஹைப்போ அளவுக்குச் சட்டென்று வீரியம் இழக்காது. 10 மணி நேரம் ஊறினால் ஸ்போர் என்ற கடினமான கிருமி விதைகளையும் கொல்லும். கருவிகளுக்காக இன்றும் ஒரு டப்பா வைத்திருக்கிறேன்.

என்னைத் திருப்பியது அதன் பராமரிப்பு. பொடி கலந்த நாளிலிருந்து 14 நாள்தான் அதன் ஆயுள். சில தயாரிப்புகளுக்கு 28. நான் வாங்கியது 14 நாள் வகை. அதற்குள் பத்துப் பன்னிரண்டு அளவு முக்கியிருப்பேன். தெள்ளத்தெளிவாக, அதே பச்சையாக, அதே நெடியோடு இருக்கும் ஐந்து லிட்டரைச் சாக்கடையில் ஊற்ற யாருக்கு மனசு வரும்? எனக்கு வரவில்லை. “இன்னும் நாலு நாள் ஓடட்டும்” என்று உதவியாளரிடம் நானே சொல்லியிருக்கிறேன். கலந்த தேதியை டப்பாவில் எழுதி ஒட்டினோம். ஈரத்தில் மை அழிந்தது. புதிதாக எழுத யாருக்கும் நினைவில்லை. ஒருநாள் கேன் வாங்கிய பில்லை எடுத்துப் பார்த்தபோது அந்தப் பச்சைத் தண்ணீருக்கு வயது 41 நாள். அதற்குள் எத்தனை அளவை அதில் முக்கி, “சுத்தம்” என்று சேலத்துக்கு பஸ் ஏற்றினேனோ!

போதாததற்கு, கழுவிய அளவை உதறாமல் முக்கினால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தண்ணீர் உள்ளே போகும். நாள் கணக்கு சரியாக இருந்தாலும் செறிவு குறைந்துகொண்டே வரும். அதைப் பார்க்கச் சோதனைப் பட்டை உண்டு. நான் வாங்கியதே இல்லை. வாங்கிய சின்ன கிளினிக் ஒன்றையும் நேரில் கண்டதில்லை.

நெடி தனிக் கதை. ஏசிக்காக ஜன்னலை அடைத்த பத்துக்குப் பத்து அறை என்னுடையது. மூடியைத் திறந்தாலே கண் எரியும். “சார், இதைத் திறந்தா எனக்கு மூச்சு முட்டுதுங்க” என்று உதவியாளர் சொன்னதை ஆறு மாதம் காதில் வாங்காமல் இருந்தேன். தொடர்ந்து முகர்ந்தால் ஆஸ்துமா வரும் என்பது எனக்குத் தெரியாத விஷயமல்ல. அதனால் அந்த ஆறு மாதத்துக்குச் சாக்கு எதுவும் சொல்ல மாட்டேன்.

ஹைப்போவுக்கு மாறி இரண்டு வருடமாகிறது. காலையில் கடை திறந்ததும் 5% பாட்டிலிலிருந்து 50 மில்லி, அதோடு தண்ணீர் 450 மில்லி. ஸ்ப்ரே பாட்டிலில் அரை லிட்டர் தயார். சாயங்காலம் மிச்சத்தைக் கொட்டிவிடுவோம். கொட்ட மனசு வலிக்காத விலை என்பதுதான் இதன் பெரிய பலம். ஆயுள் ஒரே நாள் என்பதால் தேதி எழுத வேண்டாம், பில் தேட வேண்டாம். பாட்டில் காலியாக இருந்தால் இன்று கலக்கவில்லை, அவ்வளவுதான். பார்த்த கண்ணுக்கே தெரிந்துவிடும்.

அதற்காக ஹைப்போவை அப்படியே நம்பிவிடவும் கூடாது. மூல பாட்டிலே வெயிலில் செத்துப்போகும். சூடு 10 டிகிரி ஏறினால் சிதையும் வேகம் மூன்று மடங்குக்கு மேல் கூடும். சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே ஐந்து லிட்டர் கேனை வைத்துக்கொண்டு 5% என்று கணக்குப் போடுவது வீண். நான் அரை லிட்டர் பாட்டிலாக, தயாரித்த தேதி பார்த்து வாங்கி, இருட்டான அலமாரியில் வைக்கிறேன். எச்சிலும் ரத்தமும் குளோரினைத் தின்றுவிடும் என்பதால் ஓடும் தண்ணீரில் முதலில் நன்றாக அலசியே தீர வேண்டும். அலுமினிய ட்ரேக்களில் புள்ளி புள்ளியாக அரிப்பு விழுந்து நாலைத் தூக்கிப் போட்டேன். உதவியாளரின் சுடிதார் ஒன்றும் போயிற்று. அதற்கு நான்தான் காசு கொடுத்தேன். பாத்ரூம் ஆசிட்டுக்குப் பக்கத்தில் மட்டும் வைத்துவிடாதீர்கள், இரண்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும்.

ஆல்ஜினேட்டுக்கு ஸ்ப்ரேதான் என் தேர்வு. அது தண்ணீரை உறிஞ்சி ஊதும், காற்றில் வைத்தால் சுருங்கும். பச்சைத் தண்ணீர்க் காலத்தில் ஒருநாள் வேறு நோயாளியைப் பார்த்துக்கொண்டே மறந்துபோய், ஒரு அளவு முக்கால் மணி நேரம் ஊறிவிட்டது. அதில் ஊற்றிய காஸ்ட்டில் செய்த பல்செட் அந்தப் பாட்டி வாயில் உட்காரவே இல்லை. “கண்ணு, இது என் பல்லுதானா?” என்று கேட்டார். புதிதாகச் செய்து கொடுத்தேன். இப்போது எல்லா மூலையிலும் படும்படி ஹைப்போ அடித்து, ஜிப் கவரில் மூடி, 10 நிமிடம் அலாரம். பிறகு அலசி, உடனே கிளினிக்கிலேயே ஸ்டோன் ஊற்றிவிடுவேன். தொப்பூர் கணவாய் தாண்டி ஆல்ஜினேட்டை அனுப்புவதில்லை, காஸ்ட்தான் போகும்.

பள்ளமான இடங்களில் ஸ்ப்ரே சரியாகப் படாது, முக்குவதுதான் முழுமை என்பார்கள். நியாயம்தான். அதனால் ஊறினாலும் அளவு மாறாத சிலிக்கானை அதே 0.5% கரைசலில் 10 நிமிடம் முக்கியே எடுக்கிறேன். லேபுக்குப் போகும் கவர்மேல் “ஹைப்போ 10 நிமிடம் ஆச்சு” என்று எழுதி ஒட்டுவோம். இல்லாவிட்டால் அவர்கள் மறுபடியும் மருந்தில் போட்டு ஊறவைப்பார்கள்.

பல்செட் அளவுக்கே பயன்படும் இன்னொரு பசையான ஜிங்க் ஆக்சைடு யூஜெனால் பேஸ்ட்டுக்கு மட்டும் பழையபடி குளூட்டரால்டிஹைடிலேயே நிற்கிறேன். மாதத்துக்கு ஒன்றுதான் வரும், மாற்றிப் பார்க்கத் தோன்றவில்லை. பாலிஈதர் என்ற ரப்பர் வகைப் பொருளில் நான் அளவு எடுத்தது மொத்தமே இரண்டு கேஸ். அதுவும் தண்ணீர் குடிக்கும் ஜாதி என்பதால் ஸ்ப்ரே அடித்துச் சீக்கிரம் அலசிவிட்டேன்; இரண்டும் சரியாக உட்கார்ந்தன, ஆனால் இரண்டை வைத்து யாருக்கும் யோசனை சொல்ல மாட்டேன். குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி கலந்தே வரும் ஆல்ஜினேட்டை ஒரு பாக்கெட் தீரும்வரை பயன்படுத்தினேன். அதற்கும் ஸ்ப்ரே அடித்துத்தான் ஸ்டோன் ஊற்றினேன்.