பனியைப் படமெடுக்க: எக்ஸ்போஷர் திருத்தமா, மேனுவல் முறையா?

கேமராவின் ஒளிமானி எதிரே இருப்பதை நடுத்தரச் சாம்பல் நிறமாகவே கணக்கிடுவதால், வெண்பனி படத்தில் அழுக்கேறியதுபோல் விழுகிறது. இதைச் சரிசெய்ய இரண்டு வழிகள் உள்ளன: கேமரா தானாகக் கணக்கிட்ட வெளிச்ச அளவை நாம் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் திருத்தம் ஒன்று; எல்லா அமைப்புகளையும் நாமே முடிவுசெய்யும் மேனுவல் முறை மற்றொன்று.

வேகம்: தானியங்கி முறையில் +1 முதல் +2 ஸ்டாப் வரை (ஒரு ஸ்டாப் கூட்டினால் வெளிச்சம் இரு மடங்கு) கூட்டுவது, தடித்த கையுறையோடும் ஒரே சக்கரத்தைத் திருப்பி முடிக்கக்கூடிய வேலை. மேனுவலில் லென்ஸ் துளை, ஷட்டர் வேகம் என அனைத்தையும் நாமே அமைக்க வேண்டும்.

சீர்மை: கறுப்பு மேலங்கி அணிந்த ஒருவர் சட்டகத்தை நிறைத்தாலே, திருத்தம் போட்ட படத்தில் பனி வெளிறி, அதன் மணிமணியான பரப்பு தொலைந்துவிடும். மேனுவலில், வெளிச்சம் மாறாதவரை, ஒவ்வொரு படமும் ஒன்றுபோலவே வரும்.

மேகம் ஓடும் நாளில் நடந்துகொண்டே எடுப்பவருக்குத் திருத்தம் போதும். முக்காலி வைத்து, உறைந்த ஏரியின் விரிசல்களை நிதானமாக எடுப்பவருக்கு மேனுவலையே சொல்வேன். எதுவாயினும் ஹிஸ்டோகிராம் (படத்தின் இருள்-வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடம்) வலது ஓரத்தில் முட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பனி வெளிச்சத்தில் கேமராத் திரையை நம்ப முடியாது.