ஜிபிஎஸ் கருவிக்கு ஆயத்தொலைவு எடுக்க எந்த இணைய வரைபடம் ஏற்றது?

முகவரியைத் தட்டச்சு செய்தாலே வழிகாட்டும் கருவிகள் பெருகிவிட்ட பிறகும், ஓர் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை நாமே எடுத்துக் கருவியில் பதிய வேண்டிய தேவை மறைந்துவிடவில்லை. கதவு எண் இல்லாத பண்ணை வீட்டுக்கும், மலையேற்றப் பாதை பிரியும் இடத்துக்கும், பெரிய வளாகமொன்றின் பின்பக்க வாயிலுக்கும் முகவரித் தேடல் கைகொடுப்பதில்லை. இந்த ஒரு வேலைக்கு கூகுள் மேப்ஸும், தன்னார்வலர்கள் சேர்ந்து உருவாக்கும் ஓபன்ஸ்ட்ரீட்மேப்பும், அதன் தரவைக் கொண்டு இயங்கும் ஓஸ்மேண்ட், ஆர்கானிக் மேப்ஸ் ஆகிய செயலிகளும் எவ்வளவு பயன்படுகின்றன என்பதை மட்டும் இங்கே மதிப்பிடுகிறேன்.

எண்ணை எடுக்கும் வேகத்தில் கூகுள் மேப்ஸே முதலிடம் பெறுகிறது. கணினியில் வேண்டிய இடத்தின் மேல் சுட்டியின் வலப்பொத்தானை அழுத்தினால், விரியும் பட்டியலின் முதல் வரியிலேயே இரண்டு எண்களும் நிற்கின்றன. அந்த வரியைச் சொடுக்கினால் அவை நகலெடுக்கப்பட்டுவிடுகின்றன. கைப்பேசியில் திரையைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் ‘பின்’ (pin) எனப்படும் ஊசிக்குறி விழுந்து எண்கள் தெரிகின்றன. பட்டியலில் 5 தசம இடங்களோடு தெரியும் எண், நகலெடுத்து ஒட்டும்போது பத்துக்கும் மேற்பட்ட தசம இடங்களோடு நீண்டு வரும். அட்சரேகையில் ஐந்தாம் தசம இடம் தரையில் ஏறத்தாழ 1.1 மீட்டரைக் குறிக்கிறது; திறந்த வானத்தின் கீழ்கூட கைப்பேசியின் ஜிபிஎஸ் 5 மீட்டர் அளவுக்கே துல்லியமாக இருக்கும். ஆகவே ஐந்து இடங்களுக்கு மேல் உள்ளவற்றைத் தயங்காமல் வெட்டிவிடலாம்.

முகவரிப் பட்டையிலிருந்து எண்களை எடுக்கும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கூகுள் மேப்ஸ் இணைப்பில் @ குறிக்குப் பின் வரும் எண்கள் திரையின் நடுப்புள்ளிக்கு உரியவை. வரைபடத்தைச் சற்று நகர்த்தினாலே அவையும் மாறும். தேடிய இடத்துக்குரிய எண்கள் அதே இணைப்பின் பிற்பகுதியில் !3d, !4d ஆகிய குறிகளுக்குப் பின் மறைந்திருக்கின்றன. பகிர்வதற்காகத் தரப்படும் குறுகிய இணைப்பிலோ எண்களே இருப்பதில்லை; அதைத் திறந்து பார்த்தால்தான் இடம் தெரியும். இணையத் தொடர்பு இல்லாத இடத்துக்குப் புறப்படுபவர்களுக்கு அந்தக் குறுகிய இணைப்பை மட்டும் அனுப்பிவைப்பது உதவியாகாது.

எண்ணை எடுப்பதைவிட எந்தப் புள்ளியின் எண்ணை எடுக்கிறோம் என்பதுதான் முக்கியம் என்று நான் கருதுகிறேன். பெரிய மருத்துவமனை, பல்கலைக்கழகம், தொழிற்சாலை போன்றவற்றைத் தேடினால், பின் பெரும்பாலும் வளாகத்தின் நடுவில் எங்கோ குத்தப்பட்டிருக்கும். அந்த எண்களை அப்படியே கருவியில் பதிந்தால், கருவி அப்புள்ளிக்கு மிக அருகிலுள்ள சாலையைத் தேர்ந்தெடுக்கும். அந்தச் சாலை சுற்றுச்சுவரின் பின்புறம் செல்வதாக இருந்தால், வாயிலே இல்லாத சுவரோரத்தில் நம்மை நிறுத்தி, வந்து சேர்ந்துவிட்டதாக அறிவித்துவிடும். நோயாளியை ஏற்றிக்கொண்டு விரைபவர்களுக்கு இது சிறிய பிழை அன்று. எனவே தேடலில் கிடைத்த பின்னை ஒரு தொடக்கமாக மட்டும் வைத்துக்கொண்டு, செயற்கைக்கோள் படத்துக்கு மாறி, வாயிலை நாமே கண்டுபிடித்து, வாயிலுக்கு முன் சாலையும் நுழைவழியும் கூடும் இடத்தில் புதிதாகப் புள்ளி வைக்க வேண்டும். ஸ்ட்ரீட் வியூ கிடைக்கும் ஊர்களில் அந்த வாயிலைத் தெரு மட்டத்திலிருந்தும் பார்த்து உறுதிசெய்துகொள்ள முடிவது கூகுளின் பெரிய பலம். இந்த வேலைக்கு அதை நான் முதலில் திறப்பதற்கு இதுவே காரணம். செயற்கைக்கோள் படத்திலும் சற்றுக் கவனம் வேண்டும். உயரமான கட்டடங்கள் படத்தில் ஒருபக்கம் சாய்ந்து தெரிவதால் கூரையின் மேல் வைக்கும் புள்ளி அடித்தளத்திலிருந்து விலகிப்போகும். புள்ளியை எப்போதும் தரையில்தான் வைக்க வேண்டும்.

2004-இல் தொடங்கிய ஓபன்ஸ்ட்ரீட்மேப் இதே சிக்கலை வேறு வழியில் அணுகுகிறது. அதன் தரவில் கட்டடத்தின் நுழைவாயில், சுற்றுச்சுவரின் கதவு ஆகியவற்றைத் தனித்தனிப் புள்ளிகளாகவே பதிய முடியும். அப்படிப் பதிந்த புள்ளியின் பக்கத்தைத் திறந்தால் 7 தசம இடங்கள் வரை அதன் எண்கள் கிடைக்கின்றன. தன்னார்வலர்கள் உழைத்திருக்கும் பகுதிகளில் இது மிகச் சிறப்பாக உள்ளது. யாரும் கைவைக்காத பகுதிகளில் வரைபடத்தில் கட்டடமே இருக்காது. பகிர்வுப் பலகத்தில் குறியைச் சேர்க்கும் வசதியைத் தேர்ந்தெடுத்து, குறியை இழுத்து வேண்டிய இடத்தில் வைத்தால், அவ்விடத்தின் எண்கள் வெளிப்படையாகத் தெரியும் இணைப்பும், geo: எனத் தொடங்கும் முகவரியும் கிடைக்கின்றன. 2010-இல் தரப்படுத்தப்பட்ட அந்த முகவரி வடிவத்தைக் கைப்பேசியில் தட்டினால், பல செயலிகள் நேராக அவ்விடத்தைத் திறந்துகொள்ளும். எந்த நிறுவனத்தையும் சாராமல் ஓர் இடத்தை அனுப்ப இதைவிட நேர்மையான வழியை நான் கண்டதில்லை.

அடுத்து, எண்ணின் வடிவம். ஈஃபிள் கோபுரத்தை எடுத்துக்கொள்வோம். இணைய வரைபடம் அதை 48.85837, 2.29448 என்று தசமப் பாகையில் (பாகை என்பது டிகிரி) தரும். கார்மின் நிறுவனத்தின் கையடக்க ஜிபிஎஸ் கருவிகளின் தொடக்க அமைப்பு பாகையும் தசமக் கலையும் (கலை என்பது நிமிடம்) என்பதால், அங்கே அதே இடம் வ 48° 51.502', கி 2° 17.669' ஆகிறது. பாகை, கலை, விகலை (விநாடி) என்று எழுதினால் 48° 51' 30.1", 2° 17' 40.1" என வரும். மூன்றும் ஒரே இடம்தான். ஆனால் விகலை வடிவத்தில் உள்ள இலக்கங்களை வரிசையாகச் சேர்த்து 48.51301, 2.17401 என்று தசமப் பாகைக் கட்டத்தில் பதிந்துவிட்டால் கோபுரத்திலிருந்து 39 கிலோமீட்டர் தள்ளிப் போய்விடுவோம். வரிசை மாறி 2.29448, 48.85837 என்று பதிந்தால் சோமாலியாவுக்குக் கிழக்கே இந்தியப் பெருங்கடலில் புள்ளி விழும். இதில் இரண்டாவது பிழைதான் பாதுகாப்பானது, ஏனெனில் அது உடனே கண்ணில் பட்டுவிடும். முதலாவது நம்பத்தக்க ஓர் இடத்தையே காட்டும் என்பதால் பயணம் பாதி முடியும் வரை தெரியாமல் போகலாம்.

இந்த வடிவ மாற்றத்தில் கூகுள் மேப்ஸ் குறை வைக்கிறது. தேடல் பெட்டியில் மூன்று வடிவங்களையும் ஏற்றுக்கொள்ளும் அதே சேவை, வலப்பொத்தான் பட்டியலில் தசமப் பாகையை மட்டுமே தருகிறது. ஆர்கானிக் மேப்ஸில் எண்களின் மேல் தட்டத் தட்ட வடிவம் மாறுகிறது. ஓஸ்மேண்டில் அமைப்புகளுக்குள் சென்று விரும்பிய வடிவத்தை நிலையாக வைத்துக்கொள்ளலாம். இரண்டுமே இணையத் தொடர்பின்றி இயங்குபவை என்பதால், கையடக்கக் கருவிக்கு எண்களை மாற்றித் தர இவற்றையே பரிந்துரைப்பேன். கருவியின் நிலை வடிவ அமைப்பையே தசமப் பாகைக்கு மாற்றிவிட்டால் இந்தச் சிரமம் இராது. அதே பட்டியலில், எண்களுக்கு அடிப்படையான அளவீட்டு முறையாகிய புவிச்சட்டகம் (datum), ஜிபிஎஸ் பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ் 84 என்று இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்வது நல்லது. எண்கள் சட்டகத்தைப் பொறுத்தே பொருள்படுகின்றன என்பதற்கு லண்டனின் கிரீன்விச் வான்காணகம் சான்று: அங்கே தரையில் பதித்துள்ள பழைய முதன்மைத் தீர்க்கரேகைக் கோட்டின் மேல் நின்றால் ஜிபிஎஸ் கருவி தீர்க்கரேகையைச் சுழியமாகக் காட்டாது; கிழக்கே ஏறத்தாழ 102 மீட்டர் சென்றால்தான் காட்டும். சீனாவில் இது இன்னும் பெரிய சிக்கல். அந்நாட்டுச் சட்டப்படி வரைபடங்கள் ஜிசிஜே-02 என்னும், வேண்டுமென்றே இடம் பிறழவைத்த சட்டகத்தைப் பின்பற்ற வேண்டும் என்பதால், கூகுளின் தெரு வரைபடம் அங்கே செயற்கைக்கோள் படத்தோடு பொருந்தாமல் நூற்றுக்கணக்கான மீட்டர் விலகிக் கிடக்கிறது. அங்கு பயணம் செய்பவர்கள் ஓபன்ஸ்ட்ரீட்மேப்பின் எண்களை எடுப்பதே சரி.

ஓரிரு இடங்களுக்கு எண்களைக் கையால் பதியலாம். இருபது, முப்பது இடங்கள் என்றால் கோப்பாக மாற்றுவதே முறை. பெரும்பாலான கையடக்கக் கருவிகள் ஏற்பது, இடங்களின் எண்களைச் சேமிக்கும் ஜிபிஎக்ஸ் (GPX) கோப்பு. ஓஸ்மேண்ட் தன் விருப்ப இடங்களை அந்த வடிவத்திலேயே தருவதால் வேலை அங்கேயே முடிந்துவிடுகிறது. கூகுளின் மை மேப்ஸில் இடங்களைக் குறித்து வைப்பது எளிது, ஆனால் கிடைப்பது கேஎம்எல் (KML) என்னும் வேறு வடிவக் கோப்பு. அதை மாற்றித்தான் கருவியில் ஏற்ற வேண்டும். அக்கோப்பைத் திறந்து எண்களைக் கையால் எடுக்க நினைப்பவர்கள், அதில் தீர்க்கரேகை முதலிலும் அட்சரேகை அடுத்தும் வருவதை நினைவில் வைத்து, முதல் இடத்தையாவது கருவியின் வரைபடத்தில் சரிபார்த்துவிட்டு மற்றவற்றைப் பதியத் தொடங்க வேண்டும்.