சுவரில் மாட்டிய கடிதத்தை நம்பி 9,600 டாலர் கொடுத்தேன்

சென்ற மாதம் கோயிலில் பார்த்த ஒரு பெண் தன் கைப்பையிலிருந்து துண்டுப் பிரசுரம் ஒன்றை எடுத்துக் காட்டினார். நர்ஸிங் படிப்புக்கான அடிப்படைப் பாடங்கள் எட்டே மாதத்தில், வார இறுதி வகுப்பு, மாதத் தவணை வசதி. பிரசுரத்தில் இருந்த பயிற்சி நிலையத்தின் பெயர் எனக்குப் புதிது. தொலைபேசி எண் மட்டும் பழையது. அந்த எண்ணை நான் ஏழு மாதம் விடாமல் அழைத்திருக்கிறேன், மறந்துவிடுமா?

நிலையத்தின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. பெயர் மாறிக்கொண்டே இருப்பதால் எழுதிப் பயனுமில்லை. அவர்கள் பேசும் பேச்சு மாறாது. அதைத்தான் எழுதுகிறேன்.

நான் கரூர்க்காரி. பி.எஸ்சி. வேதியியல். திருமணத்துக்குப் பிறகு கணவரின் ஐ.டி. வேலையோடு டெக்சாஸில் டல்லாஸ் பக்கம் வந்து சேர்ந்தேன். 2018இல் மகள் இரண்டாம் வகுப்புக்குப் போனபோது எனக்கு வயது 34, வேலை அனுமதி அட்டை கையில் இருந்தது, நர்ஸாக வேண்டும் என்ற ஆசையும் இருந்தது. நேராக எங்கள் பகுதி சமுதாயக் கல்லூரியின், அதாவது குறைந்த கட்டணத்தில் இரண்டு ஆண்டுப் படிப்புகள் நடத்தும் உள்ளூர்ப் பொதுக் கல்லூரியின், விளக்கக் கூட்டத்துக்குப் போனேன். அங்கே ஒருவர் ஒளிவுமறைவில்லாமல் சொன்னார்: உடற்கூறியலும் உடலியங்கியலும் இரண்டு பருவம், நுண்ணுயிரியல் ஒரு பருவம், ஆங்கிலம், உளவியல் எல்லாம் முடிக்க வேண்டும். அறிவியல் பாடங்கள் ஐந்து ஆண்டுக்கு மேல் பழையதாக இருந்தால் செல்லாது. பிறகு ஹெஸி என்ற நுழைவுத் தேர்வு. அதன் பிறகு மதிப்பெண்களைப் புள்ளிகளாக்கித் தரவரிசைப்படி இடம். "முன்-நர்ஸிங் மாணவர் என்று உங்கள் பதிவில் இருக்கும். அதை நர்ஸிங்கில் இடம் கிடைத்துவிட்டதாக நினைத்துக்கொள்ளாதீர்கள்" என்றும் சொன்னார். கூட்டிக் கழித்துப் பார்த்தால் நான்கு ஆண்டுக் கணக்கு. முகம் தொங்கிப் போய் வீடு திரும்பினேன். உண்மையைச் சொன்ன ஒரே இடம் அதுதான், அதுவும் இலவசமாக.

அந்த நவராத்திரியில் ஓர் அக்கா வீட்டுக் கொலுவுக்குப் போயிருந்தேன். சுண்டல் கிண்ணத்தை நீட்டிக்கொண்டே, "அங்கே போய் ஏன் வரிசையில் நிற்கிறாய்? எனக்குத் தெரிந்த இடம் இருக்கிறது. எட்டு மாதத்தில் அடிப்படைப் பாடங்களை முடித்துவிட்டு அங்கேயே நர்ஸிங்கும் படிக்கலாம். நம்மவர்கள் மூன்று பேர் சேர்ந்துவிட்டார்கள்" என்றார். ஒரு தலைக்கு 300 டாலர் அவருக்குப் போனது என்று பின்னால்தான் தெரிந்தது. அக்கா தெரிந்தே ஏமாற்றினார் என்று இன்றும் நான் நினைக்கவில்லை. அவருக்கும் அந்தக் கடிதத்தைத்தான் காட்டியிருப்பார்கள்.

நகம் அழகுபடுத்தும் கடைக்கும் வருமான வரிக் கணக்கு எழுதிக் கொடுக்கும் கடைக்கும் நடுவே இருந்தது நிலையம். வரவேற்பு மேஜைக்குப் பின்னால், தங்க நிறச் சட்டம் போட்ட கண்ணாடிக்குள், மாநில முத்திரையுடன் ஒரு கடிதம். டெக்சாஸ் நர்ஸிங் வாரியத்தின் முகப்புத்தாள். சேர்க்கை அதிகாரி அதைக் கையால் காட்டி, "வாரியத்திடமிருந்து வந்தது. ஜனவரியில் எங்கள் நர்ஸிங் வகுப்பு தொடங்கும். முதல் அணியில் ஒரே ஓர் இடம்தான் மீதி" என்றார். கோபுர முத்திரையைக் கண்டாலே எழுந்து நிற்கிற ஊரில் வளர்ந்தவள் நான். முத்திரையைப் பார்த்தேன், கடிதத்தைப் படிக்கவில்லை.

"அங்கீகாரம் இருக்கிறதா?" என்று கேட்கத்தான் செய்தேன். "இருக்கிறது, மாநில அங்கீகாரம்" என்றார். அது பொய்யே இல்லை. தொழிற்பயிற்சி நிலையங்கள் நடத்த டெக்சாஸ் வொர்க்ஃபோர்ஸ் கமிஷன் தரும் உரிமம் அவர்களிடம் இருந்தது. நம் ஊரில் ஓட்டலுக்கு நகராட்சி தரும் உரிமம் போன்றது அது. கடை திறக்கலாம், அவ்வளவுதான். நர்ஸிங் படிப்பு நடத்த நர்ஸிங் வாரியத்தின் ஒப்புதல் வேண்டும், அது வேறு காகிதம். அங்கே படித்த பாடத்தை இன்னொரு கல்லூரி ஏற்க வேண்டுமானால் அந்த நிலையத்துக்கே கல்லூரி என்ற முறையில் அங்கீகாரம் வேண்டும். டெக்சாஸில் பெரும்பாலான கல்லூரிகளுக்கு அதைத் தருவது சாக்ஸ் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் தென் மாநில அமைப்பு. இவை போக, ஏசென் போன்ற அமைப்புகள் நர்ஸிங் படிப்புக்கென்றே தரும் தரச்சான்று தனி. நான் கேட்டது ஒரே கேள்வி. கேட்டிருக்க வேண்டியது, யார் கொடுத்த அங்கீகாரம், எதற்குக் கொடுத்தது என்று.

பணம் கட்டியதிலும் ஒரு பாடம் இருக்கிறது. ஒரு பாடத்துக்கு 2,400 வீதம் நான்கு பாடத்துக்கு 9,600 டாலர். கடன் அட்டை வேண்டாம், காசோலை தந்தால் கட்டணத்துக்கு மேல் வாங்கும் பதிவுத் தொகையைத் தள்ளிவிடுகிறோம் என்றார்கள். மிச்சம் என்று மகிழ்ந்தேன். அட்டையில் கட்டியிருந்தால் வங்கியிடம் முறையிட ஒரு வழியாவது இருந்திருக்கும். கையெழுத்து வாங்கியது வெள்ளிக்கிழமை மாலை. டெக்சாஸ் சட்டப்படி இப்படிப்பட்ட நிலையத்தில் கையெழுத்திட்ட 72 மணி நேரத்துக்குள், சனி ஞாயிறும் விடுமுறையும் கணக்கில் சேராமல், ரத்து செய்தால் முழுப் பணமும் திரும்ப வரும். எனக்குக் கெடு புதன்கிழமை மாலையோடு முடிந்தது. அறிமுக வகுப்பு வைத்தது வியாழக்கிழமை.

வியாழக்கிழமைதான் ஆய்வகத்தைப் பார்த்தேன். படுக்கையில் ஒரு பொம்மை நோயாளி, இடது கை தோளோடு இல்லை. "ரத்த அழுத்தம் வலது கையில் பாருங்கள்" என்றார் ஆசிரியர், சிரிக்காமல். ஆறு நுண்ணோக்கிகளில் இரண்டில்தான் விளக்கு எரிந்தது. வகுப்பு என்பது திரையில் இருப்பதை அவர் வாசிப்பது. தேர்வுக்கு முந்தின வாரம் தந்த கேள்விகளே தேர்விலும் வரும். எல்லாவற்றிலும் ஏ வாங்கினேன். பத்து ஆண்டு சமையலறையில் இருந்த மூளை இன்னும் துருப்பிடிக்கவில்லை என்று ஊருக்கு அழைத்து அம்மாவிடம் பெருமை பேசினேன். அதை நினைத்தால்தான் இப்போதும் கூசுகிறது.

ஜனவரி போய் மே வந்தது. நர்ஸிங் வகுப்பு "அடுத்த ஜனவரி" ஆகியிருந்தது. ஒரு சனிக்கிழமை காலை சீக்கிரம் போய்விட்டேன், வரவேற்பில் யாரும் இல்லை. சுவரில் இருந்த கடிதத்தை அன்றுதான் முழுவதும் படித்தேன். நான்கு வரி. நர்ஸிங் படிப்பு தொடங்க விரும்புவதாக நீங்கள் அனுப்பிய விருப்பக் கடிதம் இன்ன தேதியில் கிடைத்தது, இதை ஒப்புதலாகக் கருதக் கூடாது. அதாவது, "உங்கள் கடிதம் வந்து சேர்ந்தது" என்ற ரசீதுக்குத் தங்கச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். மறைக்கக்கூட இல்லை. யாரும் படிக்க மாட்டார்கள் என்ற நம்பிக்கை.

திங்கள்கிழமை மதிப்பெண் பட்டியலோடு சமுதாயக் கல்லூரிக்கு ஓடினேன். கவுண்டரில் இருந்த அம்மா நிலையத்தின் பெயரைத் தட்டினார், இன்னொரு முறை தட்டினார், பிறகு திரையை என் பக்கம் திருப்பினார். பட்டியலில் அப்படி ஓர் இடமே இல்லை. "ஹனி, இதில் ஒரு கிரெடிட் கூட எங்களால் எடுத்துக்கொள்ள முடியாது" என்று டெக்சாஸ்காரர்களுக்கே உரிய இழுப்பில் சொல்லிவிட்டுக் காகிதத்தை மடிப்புக் கலையாமல் திருப்பிக் கொடுத்தார். கிரெடிட் என்பது பாடத்தின் அளவைச் சொல்லும் அலகு. எங்கள் பகுதிக் குடியிருப்போருக்கு அந்தக் கல்லூரியில் ஒரு கிரெடிட்டின் கட்டணம் நூறு டாலருக்கும் குறைவு. 2,400 கொடுத்துப் படித்த பாடம் அங்கே நான்கு கிரெடிட். கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். அன்று இரவு கணவர் ஒன்றுமே சொல்லவில்லை. பாத்திரங்களை எல்லாம் அவரே கழுவி வைத்தார்.

கமிஷனில் புகார் கொடுத்தேன். ஏழு மாதம் கழித்து, நடத்தாத நான்காவது பாடத்துக்காக 1,850 டாலர் வந்தது. மற்றவை நடத்தி முடித்த வகுப்புகளாம். ஒப்பந்தத்தில், "பிற கல்லூரிகள் இந்தப் பாடங்களை ஏற்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை" என்று பதினோராம் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது. நான் கையெழுத்திட்ட பக்கம் பன்னிரண்டு.

இன்னொரு சம்பவம். 2021இல் அந்த நிலையத்தில் உடன் படித்த ஒருவர் அழைத்தார். ஃபுளோரிடாவில் ஒரு பள்ளி, வகுப்பே கிடையாது, 15,000 டாலருக்கு நர்ஸிங் பட்டயமும் மதிப்பெண் பட்டியலும் கைக்கு வரும், உரிமத் தேர்வு மட்டும் எழுதினால் போதும் என்றார். ஏற்கெனவே சூடு பட்ட பூனை, மறுத்துவிட்டேன். 2023 ஜனவரியில் ஆபரேஷன் நைட்டிங்கேல் என்ற பெயரில் எஃப்.பி.ஐ.யும் சுகாதாரத் துறைக் கண்காணிப்பாளர்களும் ஃபுளோரிடா பள்ளிகள் சில விற்ற 7,600க்கும் மேற்பட்ட போலிப் பட்டயங்களை வெளிக்கொண்டு வந்து 25 பேர் மீது வழக்குப் போட்டார்கள். செய்தியைப் படித்தபோது ஒரு தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தேன், கை நடுங்கியது.

ஆம், அதற்குள் சமுதாயக் கல்லூரியில் சேர்ந்திருந்தேன். எல்லாப் பாடங்களையும் முதலிலிருந்து படித்தேன், ஹெஸி எழுதினேன், முதல் முறை இடம் கிடைக்காமல் 2022 ஆகஸ்டில்தான் உள்ளே போனேன். அங்கே மட்டும் ரத்தினக் கம்பளம் விரித்தார்கள் என்று நினைக்க வேண்டாம். சேர்வதற்கு முன்பே காசநோய்த் தோல் பரிசோதனையில் கை வீங்கிவிட்டது. சிறு வயதில் போட்ட பி.சி.ஜி. என்ற காசநோய்த் தடுப்பூசியின் வேலை அது. நம் ஊரில் பிறந்தவர்கள் முதலிலேயே ரத்தப் பரிசோதனை கேட்டு வாங்குங்கள், எனக்கு மார்பு எக்ஸ்ரே வரை அலைச்சல்.

40 பேர் சேர்ந்தோம், 27 பேர் முடித்தோம். தேர்ச்சிக்கு 75. ஒரு தோழி 74.6 வாங்கி அந்தப் பருவத்தைத் திரும்பப் படித்தார், மேலே முழுமையாக்கிப் போடும் வழக்கமே இல்லை. மருந்தளவுக் கணக்கில் 90 வாங்காதவர் மருத்துவமனைப் பயிற்சிக்கே போக முடியாது. கேள்விகளோ வேறு ரகம். நான்கு விடையும் சரியாகவே இருக்கும். முதலில் எந்த நோயாளியிடம் போவாய் என்று கேட்பார்கள். கூடுதல் தாள் வாங்கி எழுதியே மதிப்பெண் சேர்த்த கை நமது. முதல் தேர்வில் 62 வாங்கிவிட்டுக் காருக்குள் உட்கார்ந்து அழுதேன். பயிற்சி நாட்களில் நான்கரைக்கு எழுந்து ஆறரைக்கு வார்டில் நிற்க வேண்டும். மகளின் மதிய உணவை முந்தின இரவே கட்டிவைத்த ஆண்டுகள் அவை. 2024 மேயில் முடித்தேன், ஜூலையில் நர்ஸ் உரிமத் தேர்வான என்கிளெக்ஸ் எழுதினேன். அது 85 கேள்வியிலிருந்து 150 வரை எங்கே வேண்டுமானாலும் நின்றுவிடும் கணினித் தேர்வு. எனக்கு 112இல் நின்றது. இரண்டு நாள் கழித்து முடிவு வந்தது, தேர்ச்சி.

குறுக்குவழி தேடுகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். சமுதாயக் கல்லூரியில் நான் படித்த இந்த இரண்டு ஆண்டுப் படிப்பே குறுக்குவழியாகத்தான் பிறந்தது. மருத்துவமனைகள் மூன்று ஆண்டு நடத்திய பயிற்சியைச் சுருக்கி, இன்று சமுதாயக் கல்லூரி என்று சொல்லும் இளநிலைக் கல்லூரிகளில் நடத்தலாம் என்று கொலம்பியாவின் ஆசிரியர் கல்லூரியில் மில்ட்ரெட் மோன்டாக் 1951இல் ஆய்வேடாக எழுதினார். மறு ஆண்டே சோதனை முயற்சி தொடங்கியது. இதற்கும் கீழே இன்னொரு சுருக்கம் இருப்பதாக யாராவது சொன்னால் அங்கே ஒரு தங்கச் சட்டம் இருக்கிறதா என்று பாருங்கள்.

பணம் கட்டுமுன் டெக்சாஸ் நர்ஸிங் வாரியத்தின் பட்டியலில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். முதல் முறை என்கிளெக்ஸ் எழுதியவர்களில் எத்தனை சதவீதம் தேறினார்கள் என்பதும் அங்கேயே ஆண்டுவாரியாக இருக்கும். 80க்குக் கீழே போகும் படிப்பை வாரியமே கேள்வி கேட்கும். மத்திய அரசின் மாணவர் உதவி அங்கே செல்லுமா என்றும் கேளுங்கள். வேலை விசாவில் வந்தவரின் மனைவி அல்லது கணவருக்குத் தரும் எச்-4 விசாவில் இருப்பவருக்கு அந்த உதவி எப்படியும் கிடைக்காது, ஆனாலும் கேளுங்கள். செல்லாது என்றால் ஏன் என்ற கேள்விக்கு வரும் பதிலில் பாதி விஷயம் தெரிந்துவிடும். எச்-4இல் படிக்கத் தடையில்லை, வேலைக்குத்தான் அனுமதி அட்டை வேண்டும். அதைப் பற்றி எந்தச் சேர்க்கை அதிகாரியும் வாய் திறக்க மாட்டார்.

கோயிலில் பிரசுரம் காட்டிய பெண்ணுக்காகப் போன வாரம் அந்தக் கடை வரிசைக்குக் காரை ஓட்டிப் போனேன். நகக் கடை அப்படியே இருக்கிறது. நிலையத்தின் பெயர்ப் பலகை புதிது, எழுத்துகள் நீல நிறத்தில் பளிச்சென்று இருந்தன. ஞாயிற்றுக்கிழமை, கதவு பூட்டியிருந்தது. கண்ணாடியில் நெற்றியை ஒட்டி உள்ளே பார்த்தேன். மேஜைக்குப் பின்னால் சுவரில் அதே தங்க நிறச் சட்டம். கடிதம் அதேதானா என்று அவ்வளவு தூரத்திலிருந்து படிக்க முடியவில்லை.