ஊட்டி 3 நாள் பேக்கேஜ்: பயணத்துக்கு நாலு ஸ்டார், நோட்டீஸுக்கு இரண்டு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வண்டி நல்ல வண்டி, டிரைவர் தங்கமான மனிதர், சாப்பாட்டில் ஒரு குறையும் இல்லை. பயணத்துக்குத் தாராளமாக நாலு ஸ்டார் கொடுக்கலாம். ஆனால் அந்தப் பயணத்தை எங்களிடம் விற்ற நோட்டீஸுக்கு இரண்டுக்கு மேல் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. கும்பகோணத்தில் ஓர் அச்சகத்தில் டிடிபி வேலை பார்க்கிறேன். கல்யாணப் பத்திரிகை, கும்பாபிஷேக அழைப்பிதழ் எல்லாம் போக, சீசன் வந்தால் டூர் நோட்டீஸ்களும் என் கம்ப்யூட்டருக்குத்தான் வரும். அதனால் இங்கே பாதிக்கு மேல் நோட்டீஸைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். நிறுவனத்தின் பெயரைச் சொல்லவில்லை. இதே வாசகங்களைத்தான் ஊரில் பாதிப் பேர் போடுகிறார்கள்.

'மலைகளின் அரசி', 'மனதை மயக்கும் நீலமலை', 'மேகங்கள் கொஞ்சும் தொட்டபெட்டா' என்று எழுதியதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. ஊருக்கு அடைமொழி சூட்டுவது நம் வழக்கம். மதுரை தூங்கா நகரம் என்பதைக் கேட்டு யாரும் ஏமாறுவதில்லை. பணம் கொடுக்கிறவன் கணக்குப் பார்ப்பது ரயில், அறை, விலை இந்த மூன்றையும்தான். மூன்றிலும்தான் நோட்டீஸ் வார்த்தை விளையாட்டு காட்டியிருந்தது.

ரயிலையே எடுத்துக்கொள்ளுங்கள். 'யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னமான மலை ரயிலில் மறக்க முடியாத பயணம்' என்று கொட்டை எழுத்தில் ஒரு வரி. பக்கத்தில், பாலத்தின் மேல் புகை கக்கிக்கொண்டு வரும் நீராவி எஞ்சின் படம். எங்களை ஏற்றியது குன்னூரிலிருந்து உதகை வரைக்கும், டீசல் எஞ்சின் இழுத்த வண்டியில். ஏறக்குறைய 19 கிலோமீட்டர். வெலிங்டன் தாண்டி, அருவங்காடு தாண்டி, கேத்தி பள்ளத்தாக்கு விரியும்போது அழகுதான், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அம்மா சன்னலிலிருந்து திரும்பி, "ஏம்ப்பா, படத்துல புகை வந்துச்சே, அது எங்க?" என்று கேட்டார்.

அது கீழே இருக்கிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்கு மொத்தம் 46 கிலோமீட்டர். கல்லாறிலிருந்து குன்னூர் வரைக்கும் ஏற்றம் செங்குத்து, ஏறக்குறைய 12 அடிக்கு ஓர் அடி. அந்தப் பகுதியில் மட்டும் தண்டவாளத்துக்கு நடுவே பல் வைத்த பட்டை ஓடும். நீராவி எஞ்சின் தன் பல்சக்கரத்தை அதில் பதித்து, பெட்டிகளைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு ஏறும். குன்னூருக்கு மேல் அந்தப் பட்டை இல்லை, வண்டியை இழுப்பது டீசல். 2005இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது முழுப் பாதையும்தான். ஆகவே நோட்டீஸில் இருந்த வரியில் ஒரு சொல்லைக்கூடப் பொய் என்று சொல்ல முடியாது. படத்தையும் வரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு, எங்கிருந்து எங்கே என்பதை மட்டும் எழுதாமல் விட்டார்கள். 'குன்னூர் – உதகை' என்ற இரண்டு ஊர்ப் பெயருக்கு அந்த வரியிலேயே இடம் இருந்தது, அளந்தே சொல்கிறேன்.

அடுத்தது, டூர் நோட்டீஸ்களுக்கே உரிய அந்த 'லாம்'. கண்டு களிக்கலாம், ரசிக்கலாம், படகில் மிதக்கலாம். யார் கூட்டிக்கொண்டு போவார்கள், எவ்வளவு நேரம் நிறுத்துவார்கள், டிக்கெட் யார் கணக்கு என்று எதற்கும் அந்த வினைச்சொல்லில் பதில் கிடையாது. சிம்ஸ் பூங்காவை நாங்கள் 'கண்டு களித்தது' ஓடும் வண்டியின் கண்ணாடி வழியாக. 'அழைத்துச் செல்வோம், ஒரு மணி நேரம் நிறுத்துவோம்' என்று எழுதினால் அது வாக்கு. வாடிக்கையாளர் பிடித்துக் கேட்க ஏதாவது இருக்கும்.

அறை 'நகரின் மையத்தில், அனைத்து வசதிகளுடன்'. சுத்தமான அறை, வெந்நீர் வந்தது, கம்பளி வாசனை அடிக்கவில்லை. ஆனால் மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. முழங்கால் வலிக்காரரான அம்மா ஒவ்வொரு வேளையும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்று நின்று ஏறினார். வயதானவர்களைக் குறிவைத்து 'பெற்றோரை மகிழ்விக்க ஒரு பயணம்' என்று தலைப்புப் போடுகிறவர்கள், லிஃப்ட் உண்டா இல்லையா என்று எழுதக் கடமைப்பட்டவர்கள்.

விலைக்கு வருவோம். 'ரூ.6,999' பெரிய சிவப்பு எழுத்தில். ஓரத்தில் 'முதல்' என்று எறும்பு அளவில். ஜிஎஸ்டி தனி, நுழைவுக் கட்டணங்கள் தனி, ஓர் அறைக்கு மூன்று பேர் என்பதெல்லாம் அடியில் ஆங்கிலத்தில், ஆறு பாயின்டுக்கு மேல் இருக்காது. மேலே ஆசை காட்டுவது தமிழில், கீழே நிபந்தனை ஆங்கிலத்தில்! மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022இல் கொண்டுவந்த விளம்பர நெறிமுறைகள் இதைத் தெளிவாகச் சொல்கின்றன. விளம்பரம் எந்த மொழியில் இருக்கிறதோ அதே மொழியில்தான் நிபந்தனைக் குறிப்பும் இருக்க வேண்டும், எழுத்துருவும் அதேதான் இருக்க வேண்டும். டூர் நடத்துகிறவர்களுக்கு மட்டுமல்ல, என்னைப் போல எழுத்துக் கோக்கிறவர்களுக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

'சில இருக்கைகளே உள்ளன, முந்துங்கள்!' என்பதும் இருந்தது. ஒரு மாதம் முன்னால் அச்சடித்த காகிதத்துக்கு எத்தனை சீட் மிச்சம் என்று எப்படித் தெரியும்? முதல் ஆள் பணம் கட்டுவதற்கு முன்பே அந்த வரி அச்சேறிவிட்டது. தொழில் தெரிந்ததால் சொல்கிறேன், அந்த வரியைப் பார்த்து யாரும் அவசரப்படாதீர்கள்.

இவர்களிடம் உண்மையிலேயே பெருமைப்பட வேண்டியது ஒன்று இருந்தது, அது நோட்டீஸில் இல்லவே இல்லை. 2024 மே மாதத்திலிருந்து ஊட்டிக்குப் போகும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும். அதை அவர்களே எடுத்து வைத்திருந்தார்கள், சோதனைச் சாவடியில் நாங்கள் இறங்கக்கூட வேண்டியிருக்கவில்லை. மலையேறும்போது அம்மாவுக்குக் குமட்டியது. டிரைவர் தம்பி உடனே ஓரங்கட்டி, "அம்மா, முன்னாடி வந்து உக்காருங்க, ரோட்டையே பாத்துக்கிட்டு வாங்க" என்று இடம் மாற்றிக் கொடுத்தார். அதற்குப் பிறகு கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் வேகத்தைக் குறைத்தார். தேநீருக்கு நிறுத்திய கடையில் வர்க்கி சூடாக இருந்தது. இதையெல்லாம் எழுதினாலே கூட்டம் வருமே!

ஊர் திரும்பியதும் அலுவலகத்துக்கே போய்ப் பேசினேன். 'குன்னூர் – உதகை' என்று சேர்ப்பதாகவும், நிபந்தனைகளைத் தமிழில் போடுவதாகவும் சொல்லியிருக்கிறார்கள். லிஃப்ட் விஷயத்துக்குப் பிடி கொடுக்கவில்லை. வயதானவர்களோடு போகிறவர்கள் முன்பணம் கட்டும்போதே கீழ்த்தள அறை வேண்டும் என்று வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நீராவி எஞ்சின்தான் ஆசை என்றால் இந்தப் பேக்கேஜ் வேண்டாம். மேட்டுப்பாளையத்தில் காலையில் கிளம்பும் வண்டிக்கு ஐஆர்சிடிசியில் நீங்களே பதிவு செய்யுங்கள். சீட் சீக்கிரம் தீர்ந்துவிடும்.