மாக்ஸ் லிண்டர் டிவிடி: அந்தக் கண்ணாடிக் காட்சிக்காகவே வாங்கலாம்

நாடகக் குழுவில் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு நடிப்புப் பயிற்சி கொடுப்பது என் வேலை. அவர்களுக்குப் போட்டுக் காட்ட நான் அடிக்கடி எடுக்கும் டிவிடி, பிரெஞ்சு மௌனப்பட நகைச்சுவை நடிகர் மாக்ஸ் லிண்டரின் தொகுப்பு, 2014-இல் அமெரிக்காவில் வெளியானது. இதில் நான்கு படங்கள் இருக்கின்றன. 1917-இல் வந்த ‘மாக்ஸ் வான்ட்ஸ் எ டைவர்ஸ்’ குறும்படம். மற்ற மூன்றும் ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஓடுபவை: ‘செவன் இயர்ஸ் பேட் லக்’, ‘பீ மை வைஃப்’ (இரண்டும் 1921), ‘தி த்ரீ மஸ்ட்-கெட்-தேர்ஸ்’ (1922).

லிண்டர் 1883-இல் பிரான்சின் போர்தோ நகருக்குப் பக்கத்தில், திராட்சை பயிரிடும் குடும்பத்தில் பிறந்தவர். போர்தோவில் நடிப்பு படித்து, அங்கேயே மேடையேறி, அப்புறம் பாரீஸுக்கு வந்து அம்பிகு நாடக அரங்கில் சின்னச் சின்ன வேடங்கள் கட்டினார். 1905-இலிருந்து ‘பத்தே’ (Pathé) என்ற பட நிறுவனத்தின் படங்களிலும் நடிக்கத் தொடங்கினார். அன்றைக்கு மேடைக்காரர்கள் சினிமாவை மதிக்க மாட்டார்கள். அந்தச் சினிமாவில்தான் இவர் உலகப் புகழ் பெற்றார். பட்டுத் தொப்பி, கச்சிதமான கோட்டு, ஒழுங்காக நறுக்கிய மீசை, கையில் தடி. பணக்கார வீட்டு இளைஞன் ஒருவன் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ளப் படும் பாடுதான் அவருடைய கதை எல்லாம்.

‘செவன் இயர்ஸ் பேட் லக்’கில் வரும் கண்ணாடிக் காட்சியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். மாக்ஸ் முந்தின இரவு நன்றாகக் குடித்துவிட்டுத் தூங்குகிறார். வேலைக்காரர்கள் ஆளுயரக் கண்ணாடியை உடைத்துவிடுகிறார்கள். புதுக் கண்ணாடி வந்து சேரும்வரை சமாளிக்க, சமையல்காரருக்கு மாக்ஸைப் போலவே உடை மாட்டி, வெறும் சட்டத்துக்கு அந்தப் பக்கம் நிறுத்துகிறார்கள். மாக்ஸ் முகம் மழிக்க வந்து நிற்கிறார். இவர் கையைத் தூக்கினால் அவரும் தூக்குகிறார். இவர் குனிந்தால் அவரும் குனிகிறார். இதில் கேமரா தந்திரம் எதுவும் கிடையாது. இரண்டு நடிகர்கள், எதிரெதிரே, ஒரே தாளத்தில். அவ்வளவுதான்.

மாணவர்களிடம் சமையல்காரரைப் பார்க்காதீர்கள், மாக்ஸின் கண்ணைப் பாருங்கள் என்பேன். சந்தேகம் வந்ததும் அவர் துள்ளுவதில்லை, வாயைப் பிளப்பதில்லை. வேலையைத் தொடர்ந்துகொண்டே ஓரக்கண்ணால் ஒரு சோதனை வைக்கிறார், பிறகு இன்னொன்று. விஷயம் புரிந்து, சப்பாத்தை எடுத்து அந்த ஆள் மேல் வீசும் நேரத்துக்குள் சட்டத்தில் புதுக் கண்ணாடியை மாட்டிவிட்டிருக்கிறார்கள். அது நொறுங்குகிறது. கண்ணாடி உடைந்தால் ஏழாண்டு துரதிர்ஷ்டம் என்பது மேற்கத்தியர் நம்பிக்கை; அது அங்கே ஆரம்பிக்கிறது. இதே விளையாட்டை 1933-இல் அமெரிக்க நகைச்சுவைக் குழுவான மார்க்ஸ் சகோதரர்கள் ‘டக் சூப்’பில் செய்தார்கள், அதுதான் அதிகம் பேருக்குத் தெரியும். எனக்கு லிண்டருடையதே ஒரு படி மேல். அவர் சிரிக்க வைக்க வேண்டும் என்று நடிக்கவில்லை, முகம் மழிக்க வேண்டும் என்று நடிக்கிறார்.

‘பீ மை வைஃப்’ கதையாகச் சுமார்தான். ஆனால் காதலி முன் வீரனாகத் தெரிய, திரைச்சீலைக்குப் பின்னால் போய், இல்லாத திருடனோடு அவர் கட்டிப் புரளும் இடத்தைத் தவறவிடாதீர்கள். ‘த்ரீ மஸ்ட்-கெட்-தேர்ஸ்’, டக்ளஸ் ஃபேர்பேங்க்ஸ் நடித்த ‘தி த்ரீ மஸ்கிடியர்ஸ்’ வாள்சண்டைப் படத்தைக் கிண்டலடிப்பது. பதினேழாம் நூற்றாண்டு பிரான்சில் தொலைபேசியும் மோட்டார் சைக்கிளும் வரும். பிள்ளைகளுக்கு இதுதான் ரொம்பப் பிடித்தது. 1917 குறும்படத்தில், சொத்துக்காகக் கணவனும் மனைவியும் பேசிவைத்துக்கொண்டு விவாகரத்துக்கு ஏற்பாடு செய்கிறார்கள். கொஞ்சம் ஆர்ப்பாட்டம் அதிகம், ஒரு தடவை பார்த்தால் போதும்.

என் பெரிய குறை இதுதான்: நான்கும் அமெரிக்காவில் எடுத்தவை. சாப்ளின் விலகிப் போன பிறகு எஸ்ஸனே என்ற அமெரிக்கப் பட நிறுவனம் இவரை வரவழைத்தது, மூன்று படங்களோடு அந்தப் பயணம் முடிந்தது. முதல் உலகப் போரில் கெட்ட உடம்பு பிறகு முழுதாகத் தேறவே இல்லை. இரண்டாம் முறை போனபோது எடுத்தவைதான் இந்த மூன்று நீளப் படங்கள். 1905-இலிருந்து 1914 வரை பாரீஸில் எடுத்த குறும்படங்களில் ஒன்றுகூட இதில் இல்லை. சாப்ளினே தன் குரு என்று எழுதிக் கையெழுத்திட்டுப் புகைப்படம் கொடுத்தது அந்த மாக்ஸுக்காகத்தான். 1907-இல் பனிக்கட்டியின் மேல் சறுக்கப் பழகப் போய் விழுந்து எழும்பும் அந்தச் சின்னப் படத்தை மட்டுமாவது சேர்த்திருக்கலாம். அதைப் பார்த்தால்தான், பதினான்கு ஆண்டுகளில் அவர் எவ்வளவு அசைவுகளைக் குறைத்துக்கொண்டார் என்பது புரியும்.

1925-இல், 41 வயதில், மனைவியோடு சேர்ந்து உயிரை மாய்த்துக்கொண்டார். மகள் மோட் அப்போது ஒன்றரை வயதுகூட நிறையாத குழந்தை. வளர்ந்தபின் அப்பாவின் படங்களைத் தேடிச் சேர்ப்பதையே வாழ்க்கையாக்கிக்கொண்டவர் அவர். அவர் இல்லையென்றால் இவற்றில் எத்தனை நம் கைக்கு வந்திருக்கும் என்று யோசிக்கவே பயமாக இருக்கிறது. 1983-இல் அவர் எடுத்த ஆவணப்படம் கிடைத்தால், அதை முதலில் பார்த்துவிட்டு இந்தத் தொகுப்புக்கு வாருங்கள். விட்டுப்போன பாரீஸ் காலம் அதில் கொஞ்சமாவது கிடைக்கும்.

வசன அட்டைகள் ஆங்கிலத்தில் இருக்கின்றன. அதிகம் இல்லை, சிறுவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படித்துச் சொல்லிவிடலாம். வாங்கும்முன் டிவிடியின் மண்டலக் குறியீடு (எந்தப் பகுதிப் பிளேயர்களில் ஓடும் என்பதைக் காட்டும் எண்) உங்கள் பிளேயருக்குப் பொருந்துமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.